மூன்று ஷிப்ட், மூன்று பேர்

நான் எழுதிய மென்பொருளில் வேலைக்கு வராத நர்ஸ் ஒரு சிவப்புக் கட்டம். வந்தவர் பச்சை, விடுப்பு எழுதிக் கொடுத்தவர் மஞ்சள், எதுவும் சொல்லாமல் வராதவர் சிவப்பு. மாதக் கடைசியில் ஒரு வார்டு முழுவதும் ஒரே திரையில் தெரியும். தள்ளி நின்று பார்த்தால் கலர் கோலம் மாதிரி அழகாகவே இருக்கும்.

ஒரு தனியார் மருத்துவமனைக் குழுமத்துக்காகச் செய்த வேலை அது. பெயர் வேண்டாம். முதல் கூட்டத்திலேயே அவர்கள் தரப்பு நிர்வாகி சொல்லிவிட்டார்: "எங்களுக்கு இருக்குற ஒரே பிரச்சினை ஆப்சென்டீயிசம்தான் சார். அதை மட்டும் மேனேஜ் பண்ணிட்டாப் போதும்." மேனேஜ் பண்ண அவர்களிடம் ஏற்கெனவே ஒரு விதி இருந்தது. முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் சம்பளம் பிடித்தம். மூன்று முறை நடந்தால் மெமோ. இதைக் கணினியே தானாகச் செய்ய வேண்டும் என்பதுதான் எங்களுக்கு வந்த ஆர்டர்.

ஆப்சென்டீயிசம் என்பதைப் 'பணிக்கு வராமை' என்று அரசாணைத் தமிழில் எழுதலாம். எங்கள் போடிப் பக்கம் 'மட்டம் போடுறது' என்போம். பள்ளிக்கூடத்துக்கும் அதுதான், மில் வேலைக்கும் அதுதான். அந்தச் சொல்லில் பாதி சிரிப்பு, பாதி தீர்ப்பு. உடம்புக்கு ஒன்றுமில்லை, வீட்டில் ஒன்றுமில்லை, சும்மா வரவில்லை என்று சொல்லிலேயே முடிவாகிவிடுகிறது.

மென்பொருள் ஓடத் தொடங்கிச் சில மாதங்கள் கழித்து, ஆர்வக்கோளாறில் ஒரு வரைபடம் போட்டுப் பார்த்தேன். சிவப்புக் கட்டங்கள் எங்கே விழுகின்றன? திங்கட்கிழமையா, சம்பளத்துக்கு மறுநாளா, பண்டிகைக்கு முந்தின நாளா? எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தன. கண்ணில் அடித்தது வேறோர் இடம். டபுள் டூட்டி பார்த்தவருக்கு அடுத்த இரண்டு மூன்று நாள்களில் சிவப்பு கூடுதலாக விழுந்திருந்தது. ஒருவர் வரவில்லை, அவர் ஷிப்டையும் சேர்த்து இன்னொருவர் பார்க்கிறார். அவர் இரண்டு நாள் கழித்துப் படுத்துவிடுகிறார். அவர் இடத்துக்கு மூன்றாமவர். எங்கள் துறையில் இதற்கு கேஸ்கேடிங் ஃபெயிலியர் என்று பெயர். ஒரு சர்வர் விழுந்தால் அதன் சுமை பக்கத்து சர்வர்களுக்குப் போகும், தாங்க முடியாமல் அவையும் வரிசையாக விழும். என்ன, விழுந்த சர்வருக்கு யாரும் மெமோ கொடுப்பதில்லை.

டபுள் டூட்டியையும் அறிக்கையில் ஒரு பத்தியாகக் காட்டலாமே என்று கேட்டேன். "அதெல்லாம் ஹெச்ஆர் பாத்துக்குவாங்க சார்" என்று பதில் வந்தது.

இந்த விஷயத்தின் கணக்கை எனக்குப் புரியவைத்தவர் அக்கா. பெரியம்மா மகள். தேனி மாவட்டத்தில், மலையடிவாரத்தில் இருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸ். ஊரைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம், அதனால் சொல்லவில்லை. ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது என் மென்பொருளைப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே முறுக்கு பிழிந்தவர் சொன்னார்:

"வராதவள எல்லாம் நல்லாத்தான் கண்டுபிடிக்கிற. வந்தவ வீட்டுக்குப் போனாளான்னு இதுல தெரியுமா?"

தெரியாது. வெளியே போகும் நேரம் பதிவாகும்தான், ஆனால் அந்த நேரத்தை வைத்துக் கேள்வி கேட்கும் அறிக்கை எதுவும் ஆர்டரில் இல்லை.

"எங்க ஸ்டேஷன்ல மூணு ஸ்டாஃப் நர்சு. இருபத்து நாலு மணி நேரமும் பிரசவம் பாக்கணும். நீதான் இன்ஜினியராச்சே, கணக்குப் போடு" என்றார்.

போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு மூன்று ஷிப்ட். ஷிப்டுக்கு ஒரே ஒரு நர்ஸ் போதும் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 1095 ஷிப்ட். மூன்று பேருக்குப் பிரித்தால் தலைக்கு 365. அதாவது மூன்று பேரும் ஆண்டின் எல்லா நாளும் வந்தால் மட்டுமே அந்த நிலையம் காகிதத்தில் சொன்னபடி ஓடும். வாராந்திர ஓய்வு கிடையாது, பொங்கல் கிடையாது, காய்ச்சல் கிடையாது.

இனி அவர்களுக்கு உரிமையாக உள்ளதைக் கழியுங்கள். வார ஓய்வு 52 நாள். அரசு ஊழியருக்குத் தற்செயல் விடுப்பு 12 நாள், ஈட்டிய விடுப்பு ஆண்டுக்கு 30 நாள். அரசு விடுமுறைகளைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம், அன்றைக்கும் பிரசவம் உண்டு. மிச்சம் 271 நாள். 1095ஐ 271ஆல் வகுத்தால் நான்குக்கு ஒரு துளி மேலே வருகிறது. யாருக்கும் எதுவும் நடக்காத ஓர் ஆண்டுக்கே நான்கு பேர் வேண்டும். இருப்பது மூன்று.

இத்தனைக்கும் இந்த 'மூன்று ஸ்டாஃப் நர்ஸ்' ஏற்பாடு தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையங்களை இரவிலும் திறந்து வைத்து, கிராமத்துப் பெண் பாதி ராத்திரியில் வலி எடுத்தாலும் வந்து பிள்ளை பெறலாம் என்று ஆக்கியது அதுதான். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டின் மருத்துவமனைப் பிரசவம் 99 சதவீதத்துக்கு மேல். அதற்குப் பின்னால் நின்றவர்களில் பெரும்பாலோர் டாக்டர்கள் அல்ல என்பதைப் பிரசவ வார்டில் ஓர் இரவு உட்கார்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மூன்று என்ற எண் எப்படி வந்தது? மூன்று ஷிப்ட், அதனால் மூன்று பேர். ஆளுக்கு ஒரு ஷிப்ட் என்று போட்டவர், ஆளுக்கு ஒரு வீடும் இருக்கும் என்பதைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் என் துறையைக் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறேன். இணையச் சேவைகள் இரவில் விழுந்தால் எழுந்து சரிசெய்ய எங்களுக்கும் முறை வைப்பார்கள், ஆன்கால் என்போம். கூகுள் தன் சர்வர்களைப் பராமரிக்கும் முறை பற்றி 2016இல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு கணக்கு வருகிறது. ஒரே ஊரில் இருக்கும் அணி, எந்நேரமும் இரண்டு பேர் தயாராக இருக்க வேண்டும் என்றால், குறைந்தது எட்டுப் பேர் வேண்டும். அதற்குக் குறைந்தால் ஆள் தேயும், ஆள் தேய்ந்தால் தவறு நடக்கும். நாங்கள் அதைப் படித்துவிட்டு மேலாளரிடம் சண்டை போட்டோம், ஆளும் வாங்கினோம். எங்கள் சேவை விழுந்தால் சிலருக்குச் சாப்பாடு டெலிவரி அரை மணி நேரம் தாமதமாகும். அவ்வளவுதான்.

கணக்கு இப்படி இருக்கும்போது 'ஆப்சென்ட்' என்ற சொல்லுக்கு என்ன பொருள்? அக்காவுடன் வேலை பார்த்த ஒருவர் மகப்பேறு விடுப்பில் போனார். 2021 ஜூலையிலிருந்து தமிழ்நாடு அரசு ஊழியருக்கு அது 12 மாதம், நல்ல விஷயம். அந்த 12 மாதமும் அந்த நிலையத்துக்கு மாற்று ஆள் வரவில்லை. இரண்டு பேர் 1095 ஷிப்டைப் பார்த்தார்கள். அந்த ஆண்டில் அக்கா 'முன்னறிவிப்பின்றி வராத' நாள் ஒன்று உண்டு. இருபத்து நாலு மணி நேர டூட்டி முடித்துக் காலையில் வந்து படுத்தவர், மறுநாள் காலை அலாரம் அடித்தது தெரியாமல் பதினொரு மணி வரை தூங்கிவிட்டார். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. விளக்கத்தில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். "வயித்துப் போக்குன்னு எழுதுனேன். தூங்கிட்டேன்னா எழுத முடியும்?"

நாளைக்கு யாராவது ஓர் ஆய்வாளர் அந்தப் பதிவேடுகளைத் தொகுத்தால், வயிற்றுப்போக்கு என்றுதான் அட்டவணையில் ஏறும்.

இது நிலையத்துக்குள் இருக்கும் நர்ஸின் கதை. வெளியே சுற்றும் நர்ஸின் கதை வேறு. அதற்குக் குரங்கணிக்குப் போக வேண்டும்.

குரங்கணி என்றதும் உங்களுக்கு 2018 மார்ச் 11 நினைவுக்கு வரும். கொழுக்குமலையிலிருந்து இறங்கிய மலையேற்றக் குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த நாள். முதலில் மேலே ஓடியவர்கள் உள்ளூர்க்காரர்கள். காயம்பட்டவர்கள் போடி அரசு மருத்துவமனைக்கும் தேனி மருத்துவக் கல்லூரிக்கும் மதுரைக்கும் போனார்கள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. எந்த மருத்துவமனையிலும் ஞாயிற்றுக்கிழமை ரோஸ்டர்தான் இருப்பதிலேயே மெலிந்தது. இப்படியொரு இரவில் ஓய்விலிருப்பவரைக் கூப்பிடாமல் எந்த வார்டும் ஓடாது. அப்படிக் கூப்பிட ஆள் மிச்சம் இருக்க வேண்டுமென்றால், சாதாரண நாளில் எல்லோரையும் கடைசி மணி நேரம் வரை பிழிந்திருக்கக் கூடாது.

தீக்கு முன்பே எனக்கு அந்த மலை அத்தையின் மலையாகத்தான் தெரியும். அப்பாவின் தங்கை. கிராம சுகாதாரச் செவிலியராக அந்தச் சரிவுகளில் சில ஆண்டுகள் இருந்தார். போடியிலிருந்து பஸ் குரங்கணியோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஜீப் போகிற வரைக்கும் ஜீப், பிறகு நடை. கொட்டகுடி, முட்டம், முதுவாக்குடி, சென்ட்ரல், டாப் ஸ்டேஷன். சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயரைக் கேட்டு ரயில் தேடாதீர்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் தொங்கிக்கொண்டு கீழே இறங்கியது, நடுவில் இருந்த நிலையம் இது. தேயிலைக்குக் கம்பி கட்டினார்கள். பிரசவ வலி எடுத்தவளை டோலி கட்டித் தூக்கித்தான் இறக்கினார்கள்.

துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது அளவுகோல். தலையை எண்ணினால் மலைக்குச் சலுகை காட்டியதுபோலத் தெரியும். நடையை எண்ணினால் தெரியாது. புதன்கிழமை தடுப்பூசி நாள். காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஐஸ் வைத்த பெட்டியில் மருந்தை வாங்க வேண்டும், சாயங்காலத்துக்குள் மிச்ச மருந்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இடையில் மலை. ஏலத்தோட்ட வேலைக்கு விடியுமுன்பே ஜீப் ஏறிவிடும் பெண்களைப் பிடிக்க வேண்டுமென்றால் அதற்கும் முன்னால் போய் நிற்க வேண்டும், இல்லையென்றால் இருட்டிய பிறகு. அதாவது அலுவலக நேரத்தில் நிலையத்தில் இருந்தால் ஆள்களைப் பார்க்க முடியாது, ஆள்களைப் பார்க்கப் போனால் நிலையம் பூட்டியிருக்கும். அத்தை கதவில் சாக்பீஸால் எந்த ஊருக்குப் போகிறேன் என்று எழுதிவிட்டுப் போவார். மேற்பார்வைக்கு வருகிற ஜீப் அந்தக் கதவு வரைக்கும் வரும். சாக்பீஸை மழை அழித்திருந்தால் ஆப்சென்ட்.

இதோடு நிறுத்திக்கொண்டால் நர்ஸ்கள் எல்லோரும் எங்கள் அத்தை என்று ஆகிவிடும். அது உண்மையில்லை. அதற்கும் கணக்கு இருக்கிறது.

ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில், பின்னாளில் நோபல் வாங்கிய அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் மற்றவர்களும் 2002-03இல் ஓர் ஆய்வு செய்தார்கள். துணை சுகாதார நிலையங்களுக்கு வாராவாரம் ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். வேலை நேரத்தில் 56 சதவீத முறை பூட்டு. நர்ஸ் கிராமங்களுக்குப் போயிருப்பார் என்ற நம் சமாதானத்தையும் அவர்கள் சும்மா விடவில்லை. பக்கத்துக் கிராமங்களில் போய்த் தேடினார்கள். பூட்டியிருந்த நேரங்களில் 12 சதவீதத்தில் மட்டுமே அவர் அங்கே இருந்தார். மற்ற நேரத்தில் எங்கே என்று யாருக்கும் தெரியாது. எந்தக் கிழமை திறந்திருக்கும் என்று யூகிக்கவும் வழியில்லை, அதனால் மக்கள் போவதையே குறைத்துக்கொண்டார்கள்.

பிறகு 2006இல் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனமும் அரசும் சேர்ந்து தேதி, நேரம் அச்சடிக்கும் கருவியைக் கொடுத்தன. கண்காணிப்பு நாளில் மூன்று முறை முத்திரை குத்த வேண்டும். பாதிக்கு மேல் வராவிட்டால் சம்பளம் பிடித்தம். முதல் சில மாதங்களில் வருகை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. என் வாடிக்கையாளர் கேட்டால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பார். அதன் பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் சுவாரசியம். நர்ஸ்கள் கருவியை ஏமாற்றவில்லை, அவர்களுக்கு அந்தச் சிரமமே வைக்கப்படவில்லை. மாவட்ட சுகாதார நிர்வாகமே 'விலக்கு நாள்' கொடுக்க ஆரம்பித்தது. இன்று மீட்டிங், நாளை முகாம், அடுத்த வாரம் சர்வே. ஒன்றரை ஆண்டுக்குள் கருவி வைத்த இடத்துக்கும் வைக்காத இடத்துக்கும் வித்தியாசமே இல்லாமல் போனது. அந்த ஆய்வுக் கட்டுரைக்கு அவர்கள் வைத்த தலைப்பு, 'பிணத்துக்கு பிளாஸ்திரி' என்கிற மாதிரி.

கர்நாடகாவில் சில ஆண்டுகள் கழித்து 322 ஆரம்ப சுகாதார நிலையங்களை எடுத்துக்கொண்டு 140இல் கைரேகைக் கருவி வைத்துப் பார்த்தார்கள். நர்ஸ், பார்மசிஸ்ட், லேப் டெக்னீஷியன் வருகை கூடியது. டாக்டர்கள் வருகை கூடவில்லை. கருவி யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது என்பதை அறிய நமக்கு ஆராய்ச்சி தேவையில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனாலும் அங்கே எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள் குறைந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வருகை உயர்ந்தால் குழந்தைக்கு நல்லது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆக, கருவி வேலை செய்கிறது, கொஞ்ச நாளைக்கு, கீழே இருப்பவர்கள்மீது. அதற்கப்புறம் நிர்வாகமே அதற்கு ஓட்டை போடுகிறது. ஏன் போடுகிறது? வெறும் சலுகை மனப்பான்மை என்று நான் நினைக்கவில்லை. அந்த நிர்வாகத்துக்குத் தெரியும், தான் கொடுத்த வேலைகளை எல்லாம் கூட்டினால் ஓர் ஆளின் நாளுக்குள் அடங்காது என்று. கூட்டல் பொருந்தாதபோது விலக்கு கொடுத்துத்தான் புத்தகத்தைச் சமன் செய்ய முடியும். ராஜஸ்தானில் அது ஆள் வராமல் சமனாயிற்று. தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஆள் வந்து, உடம்பைக் கொடுத்துச் சமனாகிறது. ஏனென்றால் இங்கே கேட்க ஆள் இருக்கிறது. வலி எடுத்தவள் வந்து நிற்பாள், கூட ஐந்து பேர் வருவார்கள், நர்ஸ் இல்லையென்றால் அரை மணி நேரத்தில் ஊரே ரோட்டுக்கு வரும்.

உடம்பைக் கொடுப்பவர்களுக்கு என்ன கொடுத்தோம்? 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான நர்ஸ்களை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். 2017 நவம்பர் இறுதியில் அவர்கள் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் வந்து உட்கார்ந்தபோதுதான் மாநிலமே அந்தத் தொகையைக் கவனித்தது. அந்த நாள்களில் அவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு பதிவேட்டில் ஆப்சென்ட். கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை 2022 டிசம்பர் 31உடன் போகச் சொன்னார்கள். ஒப்பந்த நர்ஸ்களுக்கும் மகப்பேறு பலன் சட்டம் பொருந்தும் என்பதை 2024இல் உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. ஒரே வார்டில், ஒரே ஷிப்டில், ஒருவருக்குப் பிள்ளைப்பேறு மஞ்சள் கட்டம், இன்னொருவருக்குச் சிவப்பு.

மருந்து புதிதல்ல. இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோலிலேயே படுக்கைக் கணக்குக்கு மேல் 30 சதவீதம் 'லீவ் ரிசர்வ்' சேர்க்கச் சொல்லியிருக்கிறது. விடுப்பில் போகிறவர் இடத்துக்கு ஆள் என்பதை முதலிலேயே எண்ணிப் போடுவது. மூன்று பேர் இருக்கும் ஒரு நிலையத்தில் 30 சதவீதம் என்றால் ஒரு முழு ஆள்கூட வராது, அதனால் பூஜ்யம் என்று விட்டுவிடுகிறார்கள். நான்கு நிலையங்களைச் சேர்த்துப் பார்த்தால் முழுதாக மூன்று பேர் வருவார்கள். அடுத்தடுத்த நிலையங்களுக்குப் பொதுவாக அவர்களைப் போடலாம், மலைப்பாதைக்கு இன்னொருவர் கூட்டலாம். இதற்குக் கைரேகைக் கருவி வேண்டாம், பணம் வேண்டும். அதனால்தான் கருவி முதலில் வருகிறது.

ரிசர்வ் இல்லாத இடத்தில் நர்ஸ்களே ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறார்கள். அக்காவின் கைப்பையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. எங்கள் ஊர்க் கல்யாணங்களில் மொய் எழுதுவது மாதிரி அதில் ஷிப்ட் எழுதுகிறார்கள். இன்னாருக்காக நான் பார்த்த நைட், எனக்காக இன்னார் பார்த்த பகல். நாத்தனார் வளைகாப்பு, மகன் பத்தாம் வகுப்பு ரிசல்ட், மாமனார் டயாலிசிஸ் என்று காரணமும் பக்கத்தில் இருக்கும். இது போன்ற காரணப் பட்டியல் என் மென்பொருளில் கிடையாது. அங்கே 'மற்றவை' என்று ஒரே ஒரு வரி. அலுவலகப் பதிவேட்டிலோ ரோஸ்டரில் உள்ளபடி எல்லோரும் எல்லா நாளும் ஆஜர்.

புரட்டிப் பார்த்தேன். இரண்டு பேர் மட்டும் இருந்த அந்தப் பன்னிரண்டு மாதப் பக்கங்களில் எதுவும் எழுதவில்லை. இருவரும் எல்லாவற்றையும் பார்க்கும்போது யார் யாருக்குக் கடன்? கடைசிப் பக்கத்தில் அக்காவுக்கு வர வேண்டிய நான்கு நைட் இருந்தது. தர வேண்டியவர் மாறுதலாகி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார்.

இதை ஒரு ஆப்பாகச் செய்து தருகிறேன், ஒரு மத்தியான வேலைதான் என்றேன். அக்கா நோட்டை வாங்கிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"வேணாம்டா. அதுல ஏத்துனா ஆபீசுக்குத் தெரிஞ்சுரும். அப்புறம் இதுவும் இருக்காது."